மானுக்காக வாதாடியவர்கள்



சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமைக் காலை. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பாடம் தொடங்குமுன் பிள்ளைகள் தங்களுக்குள் பரபரப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து இளைஞர் சிலர் நாய்களைக் கூட்டிக்கொண்டு காட்டோரம் போயிருக்கிறார்கள். காட்டுப்பன்றிக்கு என்றுதான் போனார்களாம். ஆனால் நாய்களின் கண்ணில் பட்டது ஒரு கீஜாங். கேளையாடு என்று தமிழில் சொல்லுகிறோமே, அந்தச் சிறிய மான். நாய்கள் அதைச் செம்பனைக் காடு முழுவதும் விரட்டிய கதையை ஒரு பையன் கையையும் காலையும் ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போது ஒரு சிறுமி எழுந்து, "சார், நாய் கடிச்சா மானுக்கு வலிக்கும். சும்மா துரத்துனா வலிக்குமா?" என்று கேட்டாள்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு, "உட்காரும்மா, பாடத்தைப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டேன். உண்மை என்னவென்றால், எனக்கு விடை தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எத்தனையோ கற்றுக்கொடுத்தார்கள். இந்தக் கேள்விக்கு விடை அங்கே கற்றுக்கொடுக்கவில்லை.

பின்னர் நூல்நிலையத்தில் தேடிப் படித்தபோதுதான் வியப்படைந்தேன். அந்தச் சிறுமி கேட்ட அதே கேள்வியை இங்கிலாந்து நாட்டு மக்கள் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கேட்டிருக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் கேட்டிருக்கிறார்கள், நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறார்கள், கடைசியில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியும், அதற்குக் கிடைத்த விடையும், அந்த விடை எப்படிச் சட்டமாயிற்று என்பதுமே என் இன்றைய பேச்சு.

முதலில் அந்த வேட்டை எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன், சாமர்செட் என்னும் இரண்டு மாவட்டங்கள் உள்ளன. அவற்றின் எல்லையில் எக்ஸ்மூர் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. புல்லும் புதரும் நிறைந்த குன்றுகள். இடையிடையே ஓடைகளும் மரச்சோலைகளும். இங்கும், பக்கத்தில் உள்ள குவாண்டாக் குன்றுகளிலும் செம்மான் எனப்படும் பெரிய மான் வாழ்கிறது. பிரிட்டனின் தரைவாழ் காட்டு விலங்குகளில் இதுவே மிகப் பெரியது. ஆண்மானைக் கலை என்றும் பெண்மானைப் பிணை என்றும் நம் முன்னோர் அழகாகப் பெயரிட்டிருக்கிறார்கள். அச்சொற்களையே நானும் பயன்படுத்துகிறேன்.

இந்தக் கலையையும் பிணையையும் வேட்டையாடுவதற்கென்றே அங்கே மூன்று வேட்டைச் சங்கங்கள் இருந்தன. டெவன்-சாமர்செட் சங்கம் ஒன்று, குவாண்டாக் சங்கம் ஒன்று, டிவர்ட்டன் சங்கம் ஒன்று. ஒவ்வொரு சங்கத்துக்கும் சொந்தமாக நாய்க்கூட்டம், நாய்களை மேய்க்கச் சம்பளக்காரர், குதிரைகள், உறுப்பினர், சந்தா எல்லாம் உண்டு. இலையுதிர் காலத்தில் பெரிய கலைகளை வேட்டையாடுவார்கள். குளிர்காலத்தில் பிணைகளை வேட்டையாடுவார்கள். இளவேனிற் காலத்தில் இளம் கலைகளை வேட்டையாடுவார்கள். குளிர்காலத்துப் பிணையின் வயிற்றில் பெரும்பாலும் கரு இருக்கும். சென்ற ஆண்டு ஈன்ற குட்டியும் பக்கத்திலேயே திரியும்.

வேட்டை நாளன்று விடியற்காலையிலேயே ஒருவர் காட்டுக்குள் போவார். குளம்புத் தடத்தைப் பார்த்தே மானின் வயதைச் சொல்லிவிடும் கைதேர்ந்தவர் அவர். இன்ன சோலையில் இன்ன மான் படுத்திருக்கிறது என்று வந்து அறிவிப்பார். முதலில் சில நாய்களை மட்டும் அனுப்பி, அந்த ஒரு மானைக் கூட்டத்திலிருந்து பிரித்து வெளியே கிளப்புவார்கள். அதன்பிறகு முழு நாய்க்கூட்டத்தையும் அவிழ்த்துவிடுவார்கள். நாய்கள் மோப்பம் பிடித்துக் குரைத்துக்கொண்டே ஓடும். பின்னால் குதிரைவீரர் விரைவார்கள். சாலை வழியே வண்டிகளில் வேடிக்கை பார்ப்போரும் வருவார்கள்.

மான் முதலில் நாய்களைவிட வேகமாக ஓடிவிடும். எங்கேனும் நின்று இளைப்பாறும். ஆனால் நாய்களோ மோப்பத்தை விடுவதில்லை. மான் மறுபடியும் ஓடவேண்டும். தண்ணீரில் இறங்கி மோப்பத்தை மறைக்கப் பார்க்கும். மற்ற மான்களுக்கிடையே போய் ஒளிந்துகொள்ளப் பார்க்கும். இப்படியே மணிக்கணக்காக நடக்கும். கடைசியில் கால் ஓய்ந்து, ஓடையிலோ புதரோரத்திலோ திரும்பி நாய்களைப் பார்த்து நின்றுவிடும். அப்போது வேட்டைக்காரர் அருகில் வந்து துப்பாக்கியால் சுட்டுக் கொல்வார்.

நேயர்களே, இதைப் படித்தபோது என் மனம் எங்கோ போய்விட்டது. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். நாங்கள் இருந்தது பால்மரத் தோட்டம். என் தகப்பனார் பொழுது விடியுமுன் மரம் சீவப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து ஆட்கள் நாலைந்து பேருடன் சேர்ந்து நாய்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போவார். ஒரு நாள் என்னையும் அழைத்துப் போனார். நாய்கள் ஒரு கீஜாங்கை ஆற்றில் இறக்கிவிட்டன. நெஞ்சளவு தண்ணீரில் கரையை ஒட்டி அது நின்றது. விலா இரண்டும் துருத்திபோல் அடித்துக்கொண்டன. கண்ணுக்குக் கீழே இரண்டு பிளவுகள் திறந்திருந்தன. அது மானின் சுரப்பி என்று இன்று தெரியும். அன்று எனக்கு அது அழுவதாகவே தோன்றியது. அப்பா தண்ணீரில் இறங்கிப் பாராங்கத்தியால் ஒரே வெட்டில் முடித்துவிட்டார்.

அன்று இரவு எங்கள் வீட்டில் கறிச்சோறு. நானும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அதை மறைத்துவிட்டு இங்கே அகிம்சை பேசுவது நேர்மையாகாது. ஆகவே சொல்லிவிட்டேன். இந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இங்கிலாந்தில் விலங்குகளைக் காக்கும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1822ஆம் ஆண்டிலேயே மாடு, குதிரை முதலியவற்றைக் கொடுமைப்படுத்தக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. உலகில் இவ்வகைச் சட்டங்களில் இது மிகப் பழமையானவற்றுள் ஒன்று. 1824இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கமும் தோன்றிவிட்டது. 1835இல் காளையைக் கட்டி நாய்களை ஏவும் விளையாட்டும், சேவற்சண்டை நடத்துவதற்கென்று களம் வைத்திருப்பதும் தடுக்கப்பட்டன.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். காளைமேல் நாயை ஏவுவதும் சேவலைச் சண்டைக்கு விடுவதும் பெரும்பாலும் சாதாரண மக்களின் பொழுதுபோக்குகள். குதிரை ஏறி மானை விரட்டுவதோ நிலப்பிரபுக்களின் பொழுதுபோக்கு. ஏழையின் விளையாட்டு 1835இல் தடுக்கப்பட்டது. பிரபுவின் விளையாட்டு தடுக்கப்பட்டது 2005இல். இடையில் 170 ஆண்டுகள்! இரண்டிலும் துன்பப்படுவது வாயில்லாப் பிராணிதான். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பது நம் பழமொழி. பூனை பெரிய வீட்டுப் பூனையாக இருந்தால் யார் அதனிடம் கேட்பது?

இந்தப் பொழுதுபோக்கைத் துரைமார்கள் தாங்கள் சென்ற நாடுகளுக்கும் எடுத்துச் சென்றார்கள். இலங்கை மலைநாட்டில், நுவரெலியாவில், சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1840களின் கடைசியில் குடியேறினார். இங்கிலாந்திலிருந்து வேட்டைநாய்களையும் கொண்டுவந்தார். நம் நாட்டில் ரூசா என்றும், இலங்கைத் தமிழர் மரை என்றும் சொல்லும் பெரிய மானை அந்த மலைகளில் நாய்விட்டு விரட்டி, ஆற்றில் நிறுத்தி, கத்தியால் குத்திக் கொன்றார். அதைப் பெருமையுடன் புத்தகமாகவும் எழுதினார். அந்தக் காலத்தில்தான் தமிழகத்திலிருந்து நம்மவர் கால்நடையாக அந்த மலைகளுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரே மலையில் ஒருவருக்கு வேட்டை, மற்றவருக்கு வேலை.

இனி, மானுக்காக வாதாடியவர்களைப் பார்ப்போம்.

1891இல் ஹென்றி சால்ட் என்னும் எழுத்தாளரும் அவர் நண்பர்களும் மனிதநேயச் சங்கம் ஒன்றை லண்டனில் தொடங்கினார்கள. இந்தச் சால்ட் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். காந்தியடிகள் மாணவராக லண்டனில் இருந்தபோது, சைவ உணவுபற்றிச் சால்ட் எழுதிய நூலைப் படித்துத்தான் மனமார மரக்கறி உணவை ஏற்றதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அக்காலத்தில் இங்கிலாந்து அரச குடும்பத்துக்கென்றே ஒரு வேட்டைநாய்க் கூட்டம் இருந்தது. பண்ணையில் வளர்த்த மானை வண்டியில் ஏற்றிப் போய்த் திறந்துவிடுவார்கள். நாய்களும் குதிரைகளும் விரட்டும். ஓய்ந்து நின்றவுடன் மானைப் பிடித்து மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள், இன்னொரு நாள் விரட்டுவதற்கு! இதில் உணவுக்கும் இடமில்லை. பயிரைக் காப்பதற்கும் இடமில்லை. வெறும் வேடிக்கை. சால்ட்டின் சங்கத்தார் இதை எதிர்த்துப் பத்தாண்டுகள் எழுதினார்கள், பேசினார்கள். 1901இல் அந்த அரச வேட்டைக் கூட்டம் கலைக்கப்பட்டது. முதல் வெற்றி அது.

1924இல் ஹென்றி ஆமோஸ், எர்னஸ்ட் பெல் என்ற இருவர் கொடிய விளையாட்டுகளுக்கு எதிரான சங்கத்தை நிறுவினார்கள். வேட்டையைச் சட்டத்தால் நிறுத்தவேண்டும் என்பதே அதன் நோக்கம். நிறுவிய இருவரும் அந்தச் சட்டத்தைக் காணவில்லை. அது வருவதற்கு எண்பது ஆண்டுகள் ஆயின.

அந்த எண்பது ஆண்டுகளில் நடந்தது என்ன? பெரும்பாலும் தோல்விதான், நேயர்களே. 1949இல் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார்கள், தோற்றது. அரசாங்கம் ஒரு விசாரணைக்குழுவை அமைத்தது. அக்குழு 1951இல் தந்த அறிக்கை, வேட்டையைத் தடைசெய்யத் தேவையில்லை என்ற பக்கமே சாய்ந்தது. வேறு யாராக இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இவர்கள் போகவில்லை, வழியை மாற்றினார்கள். சட்டம் வரும்வரை காத்திராமல், நன்கொடை திரட்டி எக்ஸ்மூர் பகுதியிலேயே நிலங்களை வாங்கினார்கள். அந்த நிலத்தில் நாய்கள் நுழையக்கூடாது என்று அறிவித்து, மான்களுக்குப் புகலிடம் ஆக்கினார்கள். வேட்டைநாய்க்கு எல்லைக்கோடு தெரியுமா? நுழைந்தன. சங்கத்தார் வழக்குத் தொடுத்தார்கள். நாய்கள் அத்துமீறும் என்று தெரிந்தும் வேட்டைத் தலைவர் கவனக்குறைவாக இருந்தால் அவரே பொறுப்பாளி என்று 1985இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொரு பக்கம் இளைஞர்கள் வேறு வழியில் இறங்கினார்கள். 1963இல் டெவன் மாவட்டத்துப் பிரிக்ஸம் ஊரில், வேட்டையை நேரில் போய்க் குலைப்பவர் சங்கம் ஒன்று தோன்றியது. மோப்பம் தெரியாதபடி வாசனைப் பொருள்களைத் தெளிப்பது, கொம்பு ஊதி நாய்களைத் திசைதிருப்புவது இவர்கள் முறை. இதனால் கைகலப்பும் காயமும் வழக்கும் நேர்ந்தன. இவர்கள் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேட்டை என்பது நாடறிந்த பேச்சானதற்கு இவர்களும் காரணம்.

சாமர்செட் மாவட்ட மன்றம் 1993இல் குவாண்டாக் குன்றுகளில் தனக்குச் சொந்தமான நிலத்தில் மான் வேட்டையைத் தடைசெய்தது. வேட்டைக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். மன்றத்தின் நோக்கத்தை நீதிமன்றம் குறைசொல்லவில்லை. ஆனால் நிலத்தை நிர்வகிக்கச் சட்டம் கொடுத்திருக்கும் அதிகாரத்தை மன்றம் சரியாக எண்ணிப் பார்த்து முடிவு செய்யவில்லை என்று கூறி, 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தடையை ஏற்க மறுத்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது. முறைப்படி செய்யவேண்டும் என்ற பாடத்தை அன்று எல்லாரும் கற்றார்கள்.

இப்பொழுது நம் சிறுமியின் கேள்விக்கு வருகிறோம்.

நேஷனல் டிரஸ்ட் என்பது பிரிட்டனின் பெரிய அறநிலையம். பழைய மாளிகைகளையும் அழகிய நிலங்களையும் மக்களுக்காகக் காத்துவருவது. எக்ஸ்மூரிலும் குவாண்டாக்கிலும் அதற்கு நிறைய நிலம் உண்டு. 1990இல் அதன் உறுப்பினர் கூட்டத்தில் மான் வேட்டையைத் தடுக்கவேண்டும் என்ற தீர்மானம் பெரும்பான்மை வாக்குப் பெற்றது. நிர்வாகக் குழுவோ உடனே அதை நிறைவேற்றவில்லை. "மான் துன்பப்படுகிறது என்கிறீர்கள், ஆதாரம் எங்கே?" என்பதே பெரிய கேள்வியாக நின்றது. வேட்டைக்காரர்கள், "மான் ஓடுவதற்கென்றே பிறந்தது, ஓடுவது அதற்கு இயல்பு" என்றார்கள். எதிர்த்தவர்கள், "அது பயத்தால் துடிக்கிறது" என்றார்கள். இருவர் சொல்வதும் கருத்து. கருத்துக்குக் கருத்து எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் மோதலாம்.

ஆகவே 1995இல் நேஷனல் டிரஸ்ட் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பேட்ரிக் பேட்சன் என்பவரை அணுகியது. இவர் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த அறிஞர். எலிசபெத் பிராட்ஷா என்ற ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தார். வேட்டைச் சங்கங்களும் ஒத்துழைத்தன. நாய்விட்டு வேட்டையாடப்பட்ட 64 மான்களின் இரத்தத்தையும் தசையையும் எடுத்துச் சோதித்தார்கள். ஒப்பிடுவதற்காக, விரட்டப்படாமல் துப்பாக்கியால் ஒரேயடியாகச் சுடப்பட்ட 50 மான்களின் இரத்தத்தையும் சோதித்தார்கள்.

தெரியவந்தது என்ன? ஒரு வேட்டை சராசரியாக மூன்று மணி நேரம் நீடிக்கிறது. மான் ஓடும் தூரம் ஏறத்தாழ 19 கிலோமீட்டர். நம் உடம்பின் தசைகளில் வேலைக்கென்று ஒருவகை மாச்சத்து சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. விளக்கில் எண்ணெய்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் விரட்டப்பட்ட மான்களில் அந்த எண்ணெய் வற்றிவிட்டது. எண்ணெய் தீர்ந்த பிறகும் திரி எரிந்தால் திரியே கருகும் அல்லவா? அதுபோலத் தசைநார்கள் சிதைந்திருந்தன. இரத்தத்தின் சிவப்பணுக்கள் வேட்டையின் தொடக்கத்திலேயே உடையத் தொடங்கியிருந்தன. அச்சமும் நெருக்கடியும் மிகும்போது உடம்பில் சுரக்கும் கார்டிசால் என்னும் சுரப்புநீர் மிக அதிக அளவில் இருந்தது. விரட்டப்படாமல் சுடப்பட்ட மான்களிடம் இந்த அடையாளங்கள் இவ்வாறு காணப்படவில்லை.

பேட்சன் இன்னொன்றும் கூறினார். செம்மான் சிறிது தூரம் பாய்ந்தோடித் தப்பும் விலங்கு. மணிக்கணக்காக ஓடுவதற்கு அமைந்த உடம்பு அதற்கு இல்லை என்றார். 1997 ஏப்ரலில் அறிக்கை வெளியாயிற்று. மறுநாளே நேஷனல் டிரஸ்ட் தன் நிலங்களில் நாய்விட்டு மான் வேட்டையாடுவதைத் தடைசெய்தது. நூறாண்டு வாக்குவாதத்தால் முடியாததை இரண்டாண்டு ஆய்வு முடித்துவைத்தது.

வேட்டைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் பக்கத்து முயற்சியால் வேறு பல்கலைக்கழகத்தார் மறுபடி சோதித்து 1999இல் அறிக்கை தந்தார்கள். தொடக்கத்தில் மானுக்கு நேரும் மாற்றங்கள் ஓட்டத்தால் இயல்பாக வருபவையே என்று அவர்கள் வாதிட்டார்கள். ஆயினும் கடைசிக் கட்டத்தில் மான் சோர்ந்து துன்புறுகிறது என்பதை அவர்களாலும் மறுக்க முடியவில்லை. பின்னர் அரசாங்கம் பர்ன்ஸ் பிரபு தலைமையில் அமைத்த குழு 2000ஆம் ஆண்டில் இரு தரப்பையும் சீர்தூக்கிப் பார்த்தது. குறைந்தது வேட்டையின் கடைசி இருபது நிமிடங்களாவது மான் துன்பப்படக்கூடும் என்பதில் அறிஞர்களிடையே பெருமளவு உடன்பாடு உண்டு என்று எழுதியது.

ஆக, நம் சிறுமிக்கு விடை கிடைத்துவிட்டது. கடிக்கவேண்டியதில்லை; நெடுநேரம் துரத்தினாலே போதும்.

விடை தெரிந்த பிறகும் சட்டம் எளிதில் வரவில்லை. ஸ்காட்லாந்து முந்திக்கொண்டு 2002இல் சட்டம் செய்தது. இங்கிலாந்தில் கிராமப்புறத்தார் திரண்டார்கள். 2002 செப்டம்பரில் லண்டன் நகரில் நான்கு இலட்சம் பேர் அளவில் ஊர்வலம் போனார்கள். 2004 செப்டம்பரில் வேட்டை ஆதரவாளர் சிலர் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். மக்கள் சபை சட்டத்தை நிறைவேற்றுவதும் பிரபுக்கள் சபை தடுப்பதுமாக இருந்தது. இறுதியில், பிரபுக்கள் சபையை மீறிச் சட்டம் செய்ய இடமளிக்கும் பழைய விதியைப் பயன்படுத்தி, 2004 நவம்பர் 18ஆம் நாள் சட்டம் நிறைவேறியது. 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மான், நரி, முயல் முதலிய காட்டு விலங்குகளை நாய்விட்டு வேட்டையாடுவது குற்றமாயிற்று. அந்தச் சட்டம் செல்லாது என்று தொடுத்த வழக்கும் அவ்வாண்டு அக்டோபரில் தோற்றது.

எதிர்த்தரப்பு சொன்னதையும் நாம் நேர்மையாகக் கேட்கவேண்டும். "மான் எங்கள் பயிரை மேய்கிறது. வேட்டை உண்டு என்பதற்காகத்தான் குடியானவர்கள் மானைப் பொறுத்துக்கொள்கிறார்கள்" என்றார்கள். "நாய் மேய்ப்பவர், குதிரைக்கு லாடம் அடிப்பவர், விடுதி நடத்துபவர் இவர்கள் பிழைப்பு என்னாவது?" என்றார்கள். "துப்பாக்கிக் குண்டு தவறினால் மான் காயத்தோடு ஓடிச் சாகுமே" என்றார்கள். "பட்டணத்தார் எங்கள் வாழ்க்கையைத் தெரியாமல் தீர்ப்புச் சொல்கிறார்கள்" என்றும் வருந்தினார்கள். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தைத் தோட்டத்து மக்களாகிய நம்மைவிட யார் அதிகம் அறிவார்? அந்த அச்சத்தை எள்ளி நகையாட எனக்கு மனம் வராது.

ஆனால் இதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பிரிட்டனில் ஓநாய் அழிந்துபோய்ப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. மான் பெருகினால் காடும் பயிரும் கெடும்; ஆகவே ஆண்டுதோறும் ஒரு பகுதியைக் கொல்லவேண்டியிருக்கிறது. சட்டம் அதைத் தடுக்கவில்லை. பயிற்சி பெற்றவர் துப்பாக்கியால் சுடலாம். மூன்று வேட்டைச் சங்கங்களும் சேர்ந்து நாய்விட்டுக் கொன்றது ஆண்டுக்கு ஏறத்தாழ 160 மான்கள்தான். அந்த வட்டாரத்தில் கொல்லப்பட்ட மான்களில் பெரும்பகுதி அப்பொழுதே துப்பாக்கியால் கொல்லப்பட்டவை. அப்படியானால் மூன்று மணி நேர விரட்டல் பயிருக்காக அன்று, விரட்டலுக்காகவே. மானைக் கொல்லலாமா என்பதன்று அங்கே வழக்கு. சாகப்போகும் உயிரை நம் மகிழ்ச்சிக்காக மூன்று மணி நேரம் துடிக்கவிடலாமா என்பதே வழக்கு.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. இரண்டு நாய்களைக்கொண்டு மானைக் கிளப்பிச் சுடலாம், ஆராய்ச்சிக்காகப் பின்தொடரலாம் என்பன போன்ற சில விலக்குகள் சட்டத்தில் இருந்தன. அந்த ஓட்டைகளின் வழியே வேட்டையைத் தொடர முயன்றார்கள். 2007இல் குவாண்டாக் வேட்டையைச் சேர்ந்த இருவர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தது போலீஸ் அன்று. 1924இல் தொடங்கிய அதே சங்கந்தான். சட்டம் எழுதப்பட்ட அன்றோடு வேலை முடிந்துவிடுவதில்லை. காவல் இருக்கவும் ஆள் வேண்டும்.

நேயர்களே, நாமும் மகஜர் எழுதியவர்கள்தாம். பள்ளிக்கூடத்துக்கு, குடிநீருக்கு, வீட்டுக்கு என்று கையெழுத்து வாங்கி அலைந்தவர்கள்தாம். ஒரு முறை கொடுத்து, பதில் வராவிட்டால், "நம்ம சொல்லு எங்கே எடுபடும்" என்று விட்டுவிடுவதும் நம்மிடம் உண்டு. பேசமுடியாத ஒரு மானுக்காக, அதனால் காசு இலாபம் எதுவும் இல்லாதவர்கள், எண்பது ஆண்டுகள் விடாமல் உழைத்தார்கள். தோற்றபோது வழியை மாற்றினார்கள். ஆதாரம் கேட்டபோது ஆதாரத்தைத் தேடினார்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான்.

இனி நான் பாதியில் விட்ட கதை. விடை தெரிந்துகொண்ட பிறகு ஒரு நாள் என் தகப்பனாரிடம் பேசினேன். வயதாகிவிட்டது, என்னோடுதான் இருக்கிறார். அந்த ஆற்றங்கரைக் கீஜாங்கை நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"நினைவிருக்கு. நாங்க பசிக்குத்தான் அடிச்சோம்பா, வேடிக்கைக்கு அடிக்கல" என்றார்.

உண்மைதான். அந்தக் காலத்துச் சம்பளத்தில் ஆறு பிள்ளைகளுக்குக் கறி வாங்க முடியாது. பசிக்குக் கொன்றவரையும் பொழுதுபோக்குக்குக் கொன்றவரையும் ஒரே தராசில் நிறுக்க நான் துணியமாட்டேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு அவரே மறுபடியும் சொன்னார்: "ஆனா பசிக்குன்னு போனாலும், நாய் விரட்டுறப்ப கைதட்டிச் சிரிச்சோம். அது மட்டும் வேணாமாயிருந்துச்சு."

அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. திருவள்ளுவர் கொல்லாமை, அருளுடைமை என்று தனித்தனி அதிகாரங்களே எழுதினார். அவற்றைப் படித்து ஒப்பிக்கும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தவறியதை, பள்ளிக்கூடத்தில் மூன்றாண்டுகூட முழுதாகப் படிக்காத என் தகப்பனார் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இப்பொழுது பெரும்பாலான வீடுகளில் அந்தப் பசி இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாயைக் கூட்டிக்கொண்டு போகும் இளைஞன் கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பத்துப் பேருக்குக் காட்டத்தான் போகிறான். நம் நாட்டிலும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மானை வேட்டையாடுவது குற்றம். தண்டனைக்கு அஞ்சி நிறுத்தினாலும் நல்லதே. ஆனால் வீட்டில் தாய் தகப்பன், "வேணாம்பா, பாவம்" என்று சொல்லி நிறுத்தினால் அது இன்னும் நெடுநாள் நிற்கும்.

பாடவேளை ஒன்றை ஒதுக்கி, அந்தச் சிறுமிக்கு வகுப்பின் முன்னால் விடை சொன்னேன். அன்று சிரித்ததற்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். மூன்று மணி நேரம், 19 கிலோமீட்டர், எண்ணெய் வற்றிய விளக்கு, எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினேன். அன்று கைகால் ஆட்டிக் கதை சொன்ன பையன் கடைசிவரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். மணி அடித்த பிறகு என்னிடம் வந்து, "சார், அண்ணன்கிட்ட நான் சொல்றேன்" என்றான்.

அண்ணன் கேட்டானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தம்பி சொல்லியிருக்கிறான். இங்கிலாந்தில் நடந்ததும் இப்படித்தான் தொடங்கியது.